கார் ஏர்பேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர்பேக் இருக்கும்போது சீட் பெல்ட் எதற்கு?

ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும் பொறித்திருக்கும் எஸ்ஆர்எஸ் என்ற எழுத்துகளிலேயே பதில் இருக்கிறது. அதன் பொருள் 'துணைக் காப்பு அமைப்பு'. முதல் காப்பு சீட் பெல்ட்தான். ஏர்பேக் அதற்குத் துணை.

மோதலில் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவர் நிற்கமாட்டார். 50 கிலோமீட்டர் வேகத்தில் போன காரில் இருப்பவரின் உடல், கார் நின்ற பிறகும் அதே வேகத்தில், அதாவது விநாடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் வேகத்தில், முன்னோக்கிப் போகும். இடுப்பையும் மார்பையும் பெல்ட் பிடித்துக்கொள்கிறது. தலையையும் கழுத்தையும் அதனால் பிடிக்க முடியாது. ஏர்பேக் தாங்குவது அந்தத் தலையையும் மேல்மார்பையும்தான். ஸ்டீயரிங்கின் ஒரு கடினமான விளிம்பில் விழ வேண்டிய அடியை அகலமான மெத்தையில் பரப்பி, உடல் நிற்பதற்கு இன்னும் கொஞ்சம் தூரமும் நேரமும் கொடுக்கிறது.

பெல்ட் போடாதவர், பை முழுதாக விரிவதற்கு முன்பே அதன் மேல் போய் விழுவார். விரிந்துகொண்டிருக்கும் பை மெத்தை அல்ல. மணிக்கு 250, 300 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே வரும் துணி அது.

மோதும் கணத்தில் வரிசையாக என்னென்ன நடக்கிறது?

50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் கான்கிரீட் சுவரில் நேராக மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மில்லி விநாடி. கீழே உள்ள எண்கள் காருக்குக் கார் சற்று மாறும்.

பம்பர் சுவரைத் தொட்டதும் ரேடியேட்டர் சட்டத்தில் உள்ள முன் சென்சார்களும், கியர் லீவருக்கு அருகே தரையில் இறுக்கிப் பொருத்தப்பட்ட எஸ்ஆர்எஸ் கணினியும் வேகம் எவ்வளவு சடாரெனக் குறைகிறது என்று அளக்கத் தொடங்குகின்றன. 15 முதல் 20 மில்லி விநாடிக்குள் கணினி முடிவெடுத்துவிடும். ஒரே ஒரு சென்சார் சொன்னால் அது நம்பாது. இன்னொரு சென்சாரும் உறுதிப்படுத்த வேண்டும். பள்ளத்தில் இறங்கியதற்கெல்லாம் பை வெடிக்காமல் இருப்பது இதனால்தான்.

முடிவெடுத்ததும் முதலில் பெல்ட்டின் பிரிடென்ஷனர் வெடித்து, தளர்வாக இருக்கும் பெல்ட்டைச் சில சென்டிமீட்டர் உள்ளே இழுத்து உங்களை சீட்டோடு இறுக்கும். கிட்டத்தட்ட அதே நேரத்தில் பைக்கான மின்சாரம் போகும். ஓர் ஆம்பியருக்குச் சற்று மேல், இரண்டு மில்லி விநாடி, அவ்வளவுதான் தேவை. ஸ்டீயரிங் மூடி, அதற்கென்றே மெலிதாக்கப்பட்ட கோட்டில் கிழிந்து திறக்கும். அடுத்த 30 மில்லி விநாடியில் சுமார் 60 லிட்டர் கொள்ளளவுள்ள ஓட்டுநர் பை நிரம்பிவிடும். பக்கத்து இருக்கைக்கான பை இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் இருக்கும், ஏனென்றால் டேஷ்போர்டுக்கும் அவருக்கும் உள்ள இடைவெளி அதிகம்.

மோதி 55, 60 மில்லி விநாடி ஆகும்போது முகம் பையைத் தொடும். தொட்ட உடனே பையின் பின்புறம் உள்ள இரண்டு துவாரங்கள் வழியாக வாயு வெளியேறத் தொடங்கும். இந்தத் துவாரங்கள்தான் உயிர் காப்பவை. அவை இல்லாவிட்டால் பை பந்துபோல் உங்களைத் திருப்பி அடிக்கும். 150 மில்லி விநாடிக்குள் எல்லாம் முடிந்து, பை தொங்கிப்போய்க் கிடக்கும். கிட்டத்தட்ட ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான்.

பக்கவாட்டு மோதலில் இவ்வளவு நேரம்கூடக் கிடையாது. கதவுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். அதனால் பக்கவாட்டுப் பைக்கு 5 முதல் 10 மில்லி விநாடிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். சில கார்களில் கதவுக்குள் காற்றழுத்த சென்சார் வைப்பது இதற்காகவே. கதவுத் தகடு உள்ளே நசுங்கும்போது ஏறும் அழுத்தத்தை அது முதலில் பிடித்துவிடும்.

அவ்வளவு வாயு எங்கிருந்து வருகிறது?

பைக்குப் பின்னால் இன்ஃப்ளேட்டர் என்ற உலோகக் குப்பி இருக்கிறது. அதில் மாத்திரை மாத்திரையாக வேதிப்பொருள் அடுக்கியிருக்கும். மின்பொறி பட்டதும் அது எரிந்து வாயுவாக மாறும். பழைய கார்களில் சோடியம் அசைடு; எரிந்தால் நைட்ரஜன் தரும், ஆனால் அது நச்சுப்பொருள். இப்போது பெரும்பாலும் குவானிடின் நைட்ரேட் கலவை. மேற்கூரை ஓரத்திலிருந்து இறங்கும் கர்ட்டன் ஏர்பேக்குகள் பலவற்றில் அதிக அழுத்தத்தில் அடைத்த வாயு இருக்கும். கார் உருண்டால் அவை சில விநாடிகள் உப்பியே இருக்க வேண்டும். சூடான வாயு ஆறும்போது சுருங்கிவிடும் என்பதால் அங்கே குளிர்ந்த வாயு வசதி.

காரின் முன்பக்கம் நொறுங்கிவிட்டது, ஆனால் ஏர்பேக் விரியவில்லை. ஏன்?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். பம்பர், ஹெட்லைட், பானெட் எவ்வளவு நசுங்கின என்பதை ஏர்பேக் பார்ப்பதில்லை. பயணிகள் அமரும் கூண்டின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைந்தது என்பதை மட்டுமே பார்க்கிறது. இன்றைய பம்பரும் பானெட்டும் நசுங்குவதற்காகவே செய்யப்பட்டவை. அவை நன்றாக நசுங்கி அடியை வாங்கிக்கொண்டால் உள்ளே வேகம் மெதுவாகத்தான் குறையும், பை தேவைப்படாது.

அசையாத சுவரில் நேராக மோதினால் ஏறத்தாழ 15 முதல் 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் முன் ஏர்பேக் விரியும்படி அமைக்கிறார்கள். ஆனால் சாலையில் நாம் சுவரில் மோதுவது அபூர்வம். நின்றுகொண்டிருக்கும் அதே எடையுள்ள காரின் பின்னால் 40 கிலோமீட்டரில் மோதினால் அந்தக் காரும் முன்னே தள்ளப்படும். உங்கள் காருக்கு அது சுவரில் 20 கிலோமீட்டரில் மோதியது போலத்தான்.

நம் நெடுஞ்சாலைகளில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு: நிற்கும் லாரியின் பின்னால் கார் நுழைவது. லாரியின் தளம் உயரத்தில் இருப்பதால் பம்பரும் அடிச்சட்டமும் எதிலும் மோதாமல் கீழே புகுந்துவிடும். அடி வாங்குவது பானெட்டின் மேற்பகுதியும் கண்ணாடியும். சென்சாருக்குச் செய்தி தாமதமாகப் போகும். பை தாமதமாக விரியலாம், விரியாமலும் போகலாம். விரிந்தாலும் தலைக்கு நேரே வரும் லாரித் தளத்தை அது தடுக்காது. இரவில் நிற்கும் லாரியிடமிருந்து எந்த ஏர்பேக்கும் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்.

பின்னாலிருந்து இடிபட்டால், பக்கவாட்டில் உரசினால், முன் ஓரம் மட்டும் கம்பத்தில் தேய்த்துப் போனால் முன் பைகள் விரியாமல் இருப்பது இயல்பு. இக்னிஷன் அணைந்திருந்தாலும் விரியாது.

சீட் பெல்ட் போடாவிட்டால் ஏர்பேக் விரியவே விரியாது என்கிறார்களே?

எல்லாக் கார்களுக்கும் பொருந்தாத பேச்சு. பல கார்களில் பெல்ட் போட்டாலும் போடாவிட்டாலும் முன் பை விரியும். சிலவற்றில் பெல்ட் போடாதவருக்குக் குறைந்த வேகத்திலேயே விரியும்படி வைத்திருக்கிறார்கள். பெல்ட் போடாதபோது பிரிடென்ஷனரை மட்டும் நிறுத்திவைக்கும் கார்களும் உண்டு. உங்கள் காரில் எப்படி என்பதை ஓட்டுநர் கையேட்டின் எஸ்ஆர்எஸ் பகுதியில் பாருங்கள்.

இங்கே சொல்லியே ஆக வேண்டியது, 'டிங் டிங்' சத்தத்தை நிறுத்தப் பக்கிளில் செருகும் போலிக் கிளிப். பெல்ட் மாட்டப்பட்டிருக்கிறது என்று கணினியிடம் அது பொய் சொல்கிறது. பெல்ட் மாட்டாத உடலுக்கு, மாட்டியவருக்கான கணக்கில் பை விரியும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தக் கிளிப்புகளை இணையக் கடைகளிலிருந்து நீக்க உத்தரவிட்டது. வீட்டில் ஒன்று கிடந்தால் தூக்கிப் போடுங்கள்.

ஸ்டீயரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும்?

ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர். ஒரு பள்ளிக்கூட அளவுகோல் 30 சென்டிமீட்டர். அதை வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். பை மூடியைக் கிழித்து வெளியேறும் முதல் சில சென்டிமீட்டரில்தான் அதன் அடி மிகக் கொடியது. உயரம் குறைந்தவர்கள் பெடல் எட்டுவதற்காக ஸ்டீயரிங்கை அணைத்துக்கொண்டு உட்காருவதைப் பார்க்கலாம். சீட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, உயரத்தைக் கூட்டி, சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்தினால் பெரும்பாலும் இடைவெளி கிடைத்துவிடும். ஸ்டீயரிங் கீழே இறங்கும் வகை என்றால், பை முகத்தை நோக்காமல் மார்பை நோக்கும்படி இறக்கி வையுங்கள்.

கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் கைகளை வையுங்கள். ஒரு கையை ஸ்டீயரிங்கின் குறுக்கே மேலே போட்டு ஓட்டுபவருக்கு, அந்தக் கையே முகத்தில் வந்து மோதும். முன்கை எலும்பு முறிவதும் உண்டு.

கர்ப்பிணிகள் பெல்ட்டையும் விட வேண்டியதில்லை, ஏர்பேக்கையும் அணைக்க வேண்டியதில்லை. இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே தொடைமேல் படிய வேண்டும். தோள் வழியே வரும் பட்டை மார்பின் நடுவே போக வேண்டும். சீட்டை இயன்றவரை பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரலாமா?

கூடவே கூடாது. விரியும் பைக்கும் உங்கள் உடலுக்கும் நடுவே குழந்தை மாட்டிக்கொள்ளும். பை இல்லாத காரிலும் இதே நிலைதான். 50 கிலோமீட்டர் மோதலில் ஒரு குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்தும் வலு எவருக்கும் கிடையாது.

பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன் சீட்டில் ஒருபோதும் பொருத்தாதீர்கள். அந்த இருக்கையின் முதுகுப்பகுதி டேஷ்போர்டை ஒட்டி இருக்கும். பை நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும். வேறு வழியே இல்லையென்றால், டேஷ்போர்டு ஓரத்தில் சாவியால் திருப்பும் பக்கத்து சீட் ஏர்பேக் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிட்டுப் பொருத்த வேண்டும். பெரியவர் அமரும்போது மறக்காமல் திரும்பப் போட வேண்டும். 12 வயது வரை பின் சீட்டே நல்லது.

அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, உயிர் போகத் தேவையில்லாத மெதுவான மோதல்களில் முன் ஏர்பேக்கே காரணமாகி 290 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணித்தது. அவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள், குழந்தைகளும் பலர். அதே நாட்டில் முன் ஏர்பேக் காத்த உயிர்கள் 1987 முதல் 2017 வரை 50,000க்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

டேஷ்போர்டில் பிள்ளையார் சிலை வைக்கலாமா?

வைக்கலாம், இடம் பார்த்து. இடப்பக்கம், பயணியின் முன்னால் உள்ள டேஷ்போர்டில் ஏர்பேக் என்று பொறித்த இடமும் அதைச் சுற்றிய பகுதியும் கதவுபோல் மேலே திறக்கும். அதன் மேல் பசை போட்டு ஒட்டிய சிலை, வாசனைத் திரவியப் புட்டி, மொபைல் ஸ்டாண்டு எல்லாம் பயணியின் முகத்தை நோக்கிப் பறக்கும். மென்மையான சிறு உருவத்தை நடுவில், ஏசி துவாரங்களுக்கு மேலே வைப்பது ஓரளவு பாதுகாப்பு. டேஷ்போர்டு முழுவதையும் மூடும் விரிப்பு வேண்டாம். ஸ்டீயரிங்கின் நடுவில் ஒட்டும் கல் பதித்த உலோகச் சின்னமும் வேண்டாம். அது ஓட்டுநரின் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் இருக்கிறது.

காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு தூங்கும் பழக்கம் இருப்பவர்களிடம் இதைக் காட்டுங்கள்: பை விரிந்தால் முழங்கால் அவர் முகத்துக்கே வரும், இடுப்பு மூட்டு விலகும்.

சீட் கவர், பம்பர் கார்டு?

முன் சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில் 'ஏர்பேக்' என்ற சிறு துணிச்சீட்டு தைத்திருந்தால் உள்ளே பக்கவாட்டுப் பை இருக்கிறது. சாதாரண ரெக்சின் கவரை இழுத்துப் போட்டால் பை வெளியே வரும் வழி அடைபடும். ஏர்பேக்குக்கு ஏற்ற கவர்களில் அந்த ஓரத்தில் மட்டும் எளிதில் அறுபடும் நூலால் தைத்திருப்பார்கள். கடைக்காரர் அந்தத் தையலைக் காட்டினால் மட்டும் வாங்குங்கள்.

பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கார்டு, நசுங்க வேண்டிய பகுதியைத் தாண்டி அடியை நேராக அடிச்சட்டத்துக்குக் கடத்துகிறது. சென்சாரின் கணக்கு அந்தக் கம்பி இல்லாத காரை மோதவிட்டு எழுதப்பட்டது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இவற்றின் மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அழகுக்காக மாட்டியிருந்தால் கழற்றுங்கள்.

மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிகிறது. ஓட்டலாமா?

இக்னிஷன் போட்டதும் அந்த விளக்கு ஆறு விநாடி போல எரிந்து தானே அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலோ ஓடும்போது எரிந்தாலோ, கணினி எங்கோ பழுது கண்டிருக்கிறது. கார் ஓடும். ஆனால் பல கார்களில் அந்த நிலையில் ஒரு பையும் விரியாது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் காரணம் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, முன் சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர். எஸ்ஆர்எஸ் வயர்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கும். வாட்டர் வாஷில் வேக்குவம் குழாயை உள்ளே விடும்போதோ, குடையையும் செருப்பையும் சீட்டுக்கு அடியில் தள்ளும்போதோ, சீட்டை முன்னும் பின்னும் இழுக்கும்போதோ அது தளர்ந்துவிடும். இதை மறுபடி மாட்டுவதும் எஸ்ஆர்எஸ் வேலைதான். மாட்டிய பிறகும் கணினியில் பதிவான பிழையை, காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவியால் அழித்தால்தான் பல கார்களில் விளக்கு அணையும்.

இரண்டாவது, கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங் சுழல வேண்டும், ஆனால் அதற்குள் போகும் வயர் முறுகக் கூடாது. அதற்காக ஸ்டீயரிங்குக்குப் பின்னால், தட்டையான நாடா கேபிளைக் கடிகார வில்போல் சுருட்டி ஒரு வட்டப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். நாளடைவில் நாடா விரிசல் விடும். ஏர்பேக் விளக்கோடு சேர்ந்து ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் வேலை செய்யவில்லையென்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். ஸ்டீயரிங் ராக் வேலைக்காகக் கழற்றியபோது யாராவது ஸ்டீயரிங்கைச் சும்மா சுற்றியிருந்தாலும் நாடா அறுந்துபோகும். வேலைக்கு முன் சக்கரங்களை நேராக்கி ஸ்டீயரிங்கைப் பூட்டிவைக்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, பேட்டரி சோர்ந்து மின்னழுத்தம் இறங்கியது. பேட்டரி மாற்றியும் விளக்கு போகவில்லையென்றால் ஸ்கேன் செய்தாக வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மல்டிமீட்டரை ஏர்பேக் கனெக்டரில் வைத்து ஓம்ஸ் பார்க்காதீர்கள். மீட்டர் அனுப்பும் மின்சாரத்திலேயே பை வெடிக்கும் ஆபத்து இருக்கிறது.

வெள்ளத்தில் நின்ற காரின் ஏர்பேக்கை நம்பலாமா?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஆர்எஸ் கணினி இருப்பது தரையில். சீட் கனெக்டர்களும் தரையை ஒட்டியே. சீட் குஷன் வரை தண்ணீர் ஏறியிருந்தால் இரண்டும் மூழ்கியிருக்கும். வெளியே காய்ந்தாலும் தரை விரிப்புக்கு அடியில் உள்ள நுரைப்பஞ்சு வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். கனெக்டரின் ஊசிகளில் பச்சை பூக்கும். உடனே விளக்கு எரியாமல், மாதங்கள் கழித்து எரியலாம். நனைந்த கணினியை மாற்றுவதுதான் முறை. காயவைத்துத் திரும்பப் போட்டது போதாது.

பழைய கார் வாங்கும்போது ஏர்பேக் உண்மையில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விரிந்த பையை மாற்றாமல், மூடியை மட்டும் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். இக்னிஷனைப் போட்டு ஏர்பேக் விளக்கையே பாருங்கள். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஆயில் விளக்கோடு சரியாக ஒரே கணத்தில் அணைந்தால் வயரை அதோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம். விளக்கு ஒழுங்காக இருந்தாலும் சோதனை முடிந்துவிடவில்லை: பைக்குப் பதில் இரண்டு ஓம் ரெசிஸ்டரைச் செருகிக் கணினியை ஏமாற்ற முடியும்.

ஆகவே கையாலும் பாருங்கள். ஸ்டீயரிங் மூடியின் நிறமும் சொரசொரப்பும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகிறதா, இடைவெளி சீராக இருக்கிறதா? பயணி பக்க டேஷ்போர்டில் பூச்சு, பட்டி, கோணல் தெரிகிறதா? பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கீழே தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். காரின் வயதோடு அது பொருந்த வேண்டும். பாதியில் இறுகி நின்றாலோ திரும்பச் சுருளாவிட்டாலோ பிரிடென்ஷனர் ஏற்கெனவே வெடித்திருக்கலாம். கடைசியாக, ஸ்கேனரில் எஸ்ஆர்எஸ் பிழைப் பதிவுகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

டகாட்டா ஏர்பேக் என்று சொன்னார்களே, அது என்ன?

ஜப்பானின் டகாட்டா நிறுவனம் தன் இன்ஃப்ளேட்டர்களில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஈரப்பதமும், பகலில் சூடேறி இரவில் ஆறுவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் அந்த மாத்திரைகளின் கட்டமைப்பு சிதைந்து, தேவைக்கு மேல் வேகமாக எரியும். உலோகக் குப்பி வெடித்துச் சிதறி, பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநர் மேல் பாயும். அமெரிக்காவில் மட்டும் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மலேசியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. நிறுவனம் 2017 ஜூனில் திவாலானது.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த கடலோர ஊர்களில் இந்த ஆபத்து அதிகம். சென்னை, தூத்துக்குடி, கொழும்பு என எங்கே இருந்தாலும், பத்து ஆண்டுக்கு மேற்பட்ட காரை வைத்திருப்பவர் பதிவுச் சான்றில் உள்ள 17 எழுத்துச் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.

விரிந்த பிறகு காருக்குள் புகை வருகிறதே, தீயா?

பெரும்பாலும் அது தீயில்லை. பை எளிதாகப் பிரிவதற்காகத் தூவிய மாவுப்பொடியும் இன்ஃப்ளேட்டரில் எரிந்த வேதிப்பொருளின் புகையும் சேர்ந்த மூட்டம். கண்ணும் தொண்டையும் எரியும். இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து வெளியே வாருங்கள். ஆஸ்துமா உள்ளவரை முதலில் இறக்குங்கள். முகத்தையும் கையையும் தண்ணீரில் கழுவுங்கள். ஸ்டீயரிங்கின் நடு உலோகத்தைத் தொடாதீர்கள், சுடும். காதில் சற்று நேரம் ரீங்காரம் இருக்கும். முன்கையிலும் முகத்திலும் சிராய்ப்பு வருவது வழக்கம்.

மறுபடி பொருத்த என்னென்ன மாற்ற வேண்டும்? இன்சூரன்ஸ் தருமா?

விரிந்த பையை மடித்துத் திரும்பப் போட முடியாது. பையோடு சேர்த்து வெடித்த பிரிடென்ஷனர் பெல்ட்டுகள், முன் சென்சார்கள், கிளாக் ஸ்பிரிங், பயணி பக்கம் விரிந்திருந்தால் டேஷ்போர்டு, பல சமயம் முன் கண்ணாடியும் மாற்ற வேண்டும். எஸ்ஆர்எஸ் கணினியில் மோதல் பதிவாகிப் பூட்டிக்கொள்ளும். அதையும் புதிதாகப் போடச் சொல்வார்கள். காயலான் கடையிலிருந்து எடுத்த பையை ஏற்காதீர்கள். அது வெள்ளக் காரிலிருந்து வந்ததா என்று உங்களுக்குத் தெரியாது.

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால் கிடைக்கும். ஆனால் டயர், பேட்டரி போல ஏர்பேக்குக்கும் 50 சதவீதத் தேய்மானம் கழிப்பார்கள், கார் எவ்வளவு புதிதாக இருந்தாலும். ஜீரோ டெப்ரிசியேஷன் இணைப்பு எடுத்திருந்தால் அந்தப் பாதியும் வரும்.

என் பழைய காரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் ஏர்பேக். வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தலாமா?

முடியாது. இந்தியாவில் ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்தும், பக்கத்து இருக்கைக்கு 2021 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும் 2022 தொடக்கத்திலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய கார்களில் இல்லாத பையைச் சேர்க்க டேஷ்போர்டு, வயரிங், சென்சார், கணினி நான்கும் அந்த மாடலை மோதிச் சோதித்து எழுதிய கணக்கோடு வர வேண்டும். கடையில் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. அந்தப் பணத்தில் நல்ல டயரும் பின் சீட்டுக்கு வேலை செய்யும் பெல்ட்டுகளும் போடுங்கள். பல வீடுகளில் பின் சீட் பக்கிள் குஷனுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. இன்றே கையை விட்டு மேலே எடுத்து வையுங்கள்.